எஞ்சாமையும் எஞ்சுதலும்: முழுமை உணர்த்தும் தமிழ்ச் சொற்களும் ‘பொது’ என்னும் சொல்லின் இருநிலையும்

ஆய்வுச்சுருக்கம்

எல்லாம், அனைத்து, யாவும், முழுது, பொது, சகலம், அகிலம், சர்வம் முதலிய சொற்கள் ஒன்றற்கு ஒன்று பொருளாகத் தரப்படுவது வழக்கம். இவை ஒருபொருட் பன்மொழிகள் என்னும் கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு சொல்லும் எதனை மறுக்கிறது என்பதைக் கொண்டு அதன் பொருளெல்லையை வரையறுக்கலாம் என்பது இதன் அணுகுமுறை. பிற சொற்கள் எஞ்சாமையைச் சுட்ட, ‘பொது’ என்னும் சொல் மட்டும் எல்லாவற்றையும் உள்ளடக்குவதாகவும், சிறப்பு நீங்க எஞ்சுவதாகவும் இருநிலையில் வழங்குகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. இந்த இருநிலை இலக்கண மரபிலேயே இடம்பெற்றிருப்பதையும், இட ஒதுக்கீடு, சட்டம், ஆய்வுரைநடை ஆகிய துறைகளில் அது விளைவிக்கும் மயக்கத்தையும் சான்றுகளுடன் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பொது, முழுது, எல்லாம், அனைத்து, முற்றும்மை, ஒருபொருட் பன்மொழி, பொதுவியல், பொதுப்பிரிவு.

1. முன்னுரை

இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டு வரைவைப் படித்த நெறியாளர், ஓர் இயலில் மட்டும் பல இடங்களில் ‘பொதுவாக’ என்னும் சொல்லைச் சுழித்து, ஓரத்தில் ‘எத்தனை?’ என்று எழுதியிருந்தார். எல்லாப் பாடல்களிலுமா, பெரும்பாலானவற்றிலா, படித்தவரை தோன்றியதா என்பது அவர் கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடியபோது, முழுமையைக் குறிப்பதாக நாம் நம்பும் சொற்கள் ஒரே அளவினவாக இல்லை என்பது தெரியவந்தது. அத்தேடலின் விளைவே இக்கட்டுரை.

ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பது மொழியின் வளம் எனப் போற்றப்படுகிறது. அவ்வளத்தைச் சொற்பட்டியலாக மட்டும் காணும்போது, சொற்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. ‘யானை’, ‘களிறு’ ஆகியவற்றின் வேறுபாட்டை மறப்பதால் செய்யுள் நுட்பம் குன்றலாம். ‘எல்லார்க்கும் உரியது’, ‘மற்றையோர்க்கு உரியது’ என்னும் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதோ மக்களின் உரிமையைப் பற்றிய புரிதலையே மாற்றிவிடும். ஆதலின் இச்சொற்களைத் தனித்தனியே ஆராயும் தேவை எழுகிறது.

2. ஒருபொருட் பன்மொழியும் எதிர்ச்சொல் என்னும் அளவுகோலும்

தொல்காப்பியம் எச்சவியலில் திரிசொல்லை இருவகைப்படுத்துகிறது. ஒரு பொருள் குறித்த வேறு சொற்கள் ஒருவகை. வேறு பொருள் குறித்த ஒரு சொல் மற்றொரு வகை. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இவ்விரு வகையையும் விரித்துத் தொகுத்தவை. நிகண்டின் நோக்கம் செய்யுள் செய்வார்க்கும் கற்பார்க்கும் சொற்களை மனத்தில் நிறுத்துவதாகும். ஒரு சொல்லை எந்தச் சூழலில் பயன்படுத்தலாம், எந்தச் சூழலில் கூடாது என்று உரைப்பது அதன் பணியன்று. நிகண்டிடம் அதனை எதிர்பார்ப்பது நம் பிழையே தவிர அதன் குறையன்று.

வழக்கெல்லையை அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு சொல்லின் எதிர்ச்சொல் எது எனக் கேட்பதே அது. ‘எல்லாம்’ என்பதன் எதிர்ச்சொல் ‘சில’. ‘முழுது’ என்பதன் எதிர்ச்சொல் ‘குறை’ அல்லது ‘பகுதி’. ‘மொத்தம்’ என்பதன் எதிரில் வணிக வழக்கு ‘சில்லறை’யை நிறுத்துகிறது. ‘பொது’ என்பதற்கு இலக்கணத்தில் ‘சிறப்பு’ம், உடைமையில் ‘தனி’யும் எதிர்ச்சொற்கள். எதிர்ச்சொற்கள் வேறுபடுவதால், இவை ஒரே பொருளின என்னும் கூற்று முதல் நோக்கிலேயே தளர்கிறது.

அன்றாடப் பொருள் ஒன்றால் இதனை விளக்கலாம். ‘முழுப் பானை’ என்றால் உடையாத ஒரு பானை. ‘எல்லாப் பானையும்’ என்றால் இருக்கும் பானைகளுள் ஒன்றும் விடாமல். ‘பொதுப் பானை’ என்றால் ஒருவர்க்கு மட்டும் உரிமையாகாமல் பலரும் எடுத்துப் புழங்கும் பானை. முதலாவது ஒரு பொருளின் உறுப்புக் குறையாமையைச் சொல்கிறது. இரண்டாவது எண்ணிக்கை குறையாமையைச் சொல்கிறது. மூன்றாவது பானையைப் பற்றியதே அன்று, அதனைப் பயன்படுத்துவோரின் உறவைப் பற்றியது. அதுபோலவே, கடைகள் ஒன்றும் திறவாத நாளை ‘முழு அடைப்பு’ என்கிறோம். பல தொழிலினரும் சேர்ந்து வேலையை நிறுத்துவதைப் ‘பொது வேலைநிறுத்தம்’ என்கிறோம். அடைகளை இடம் மாற்றிப் ‘பொது அடைப்பு’, ‘முழு வேலைநிறுத்தம்’ என்றால் பொருள் வேறாகிவிடும். பேசுவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுவதில்லை, எழுதுவோரே தவறவிடுகிறோம்.

3. எஞ்சாமை உணர்த்தும் தமிழ்ச் சொற்கள்

‘முழுது’ என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் எஞ்சாமை. முழுமை என்றோ நிறைவு என்றோ உடன்பாட்டில் கூறாமல், மிச்சமில்லாமை என எதிர்மறையில் வரையறுத்திருப்பது குறிப்பிடத்தக்கது. முழுமை என்பதை நேரே காட்ட இயலாது; எதுவும் விடுபடவில்லை என்பதைக் காட்டியே நிறுவ இயலும். இவ்வரையறை ஏனைய சொற்களையும் அளக்க ஒரு கருவியாகிறது: இச்சொல் எதனை எஞ்சவிடவில்லை என்று கேட்டால் போதும்.

‘எல்லாம்’ என்பது எண்ணத்தக்கவற்றை எஞ்சவிடாத சொல். இச்சொல் பற்றித் தொல்காப்பியர் கூறும் இரண்டு செய்திகள் இங்கே பயன்படும். ஒன்று, உருபேற்கும்போது அது கொள்ளும் சாரியை. அஃறிணையாயின் ‘வற்று’ச் சாரியையும் (எல்லாவற்றையும்), உயர்திணையாயின் ‘நம்’ சாரியையும் (எல்லாநம்மையும்) வரும். நன்னூலாரும் இதனை வழிமொழிகிறார். மற்றொன்று, உயர்திணையில் இச்சொல் பேசுவோன் தன்னையும் உட்படுத்திய பன்மைக்கே உரியது எனப் பெயரியல் கூறுவது. ஆகவே பழைய வழக்கில், மக்களைக் குறித்து ‘எல்லாம்’ என்றவன் தானும் அக்கூட்டத்துள் நிற்கிறான். இன்று ‘அவர்களெல்லாம்’ என்று பிறரை மட்டும் சுட்டி வழங்குகிறோம். பேச்சுவழக்கில் ‘படமெல்லாம் பார்ப்பார்’ என்னும்போது அது முழுமையையும் உணர்த்துவதில்லை. படம் முதலியன என்னும் இனம் சுட்டுகிறது. ஒரே சொல் தன்னை உட்படுத்தும் நிலையிலிருந்து இனத்தை விரிக்கும் நிலைக்கு நகர்ந்திருக்கிறது.

‘அனைத்து’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் வியப்பானது. சுட்டடியாகப் பிறந்த இது, ‘எனைத்து’ என்னும் வினாவுக்கு இணையாக ‘அவ்வளவு’ என்னும் அளவைக் குறித்தது. 416ஆம் குறளில் இவ்விரு சொற்களும் எதிரெதிராக நின்று ‘எவ்வளவு’, ‘அவ்வளவு’ என்னும் பொருள் தருகின்றன. 34ஆம் குறளிலும் இச்சொல் ‘அவ்வளவே’ என்னும் பொருளினது. இன்றைய வாசகர் பலர் இக்குறளில் ‘எல்லா அறமும்’ என்று பொருள் காண்பது, பிற்கால வழக்கை முற்கால நூலில் ஏற்றுவதாகும். ஓர் அளவைச் சுட்டிய சொல், காலப்போக்கில் அளவெல்லாம் கடந்த முழுமையைக் குறிக்கலாயிற்று.

‘யாவும்’, ‘யாவரும்’, ‘எங்கும்’, ‘என்றும்’ ஆகியவை வினாவடியோடு உம்மை சேர்ந்து முழுமை உணர்த்துவன. எதனைச் சுட்டிக் கேட்டாலும் விடை ஒன்றே என்பது இவற்றின் அமைப்பு. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் (192) ‘யாதும்’, ‘யாவரும்’ என்னும் இச்சொற்களோடு தொடங்குவது பொருத்தமாகவே தோன்றுகிறது. கூட்டமாகத் திரட்டிச் சொல்லாமல், எந்த ஒன்றைக் கேட்டாலும், எந்த ஒருவரைக் கேட்டாலும் என்று தனித்தனியே தழுவுவன அவை. இன்றைய வழக்கில் ‘யாதும்’, ‘யாரும்’ ஆகியவை பெரும்பாலும் எதிர்மறைத் தொடர்களோடு ஒடுங்கிவிட்டன. ‘யாரும் வரவில்லை’ என்கிறோம். ‘யாரும் வந்தனர்’ என்பதில்லை.

இச்சொற்கள் பலவற்றின் முழுமைப் பொருளைத் தாங்கி நிற்பது முற்றும்மையே. உம்மையின் எண்வகைப் பொருளுள் முற்று ஒன்று என இடையியல் கூறுகிறது. தொகை அறிந்த பொருளுக்கு வினைப்படுமிடத்து உம்மை வேண்டும் எனக் கிளவியாக்கம் வலியுறுத்துகிறது. இரண்டு கண்ணும் சிவந்தன என்பதே மரபு. இரண்டு கண் சிவந்தன என்றால் மூன்றாவது ஒன்று இருப்பதாகப்படும். இன்றைய செய்தி உரைநடையில் ‘அனைத்து மாணவர்கள் கலந்துகொண்டனர்’ என உம்மையின்றி எழுதும் வழக்கம் பரவிவருகிறது. ‘அனைத்து’ முன்னரே முழுமையைச் சுட்டுவதால் உம்மை மிகை என்று எழுதுவோர் கருதக்கூடும். ஆனால் அவ்விடத்தில் தமிழ்த்தொடரை முடித்துவைப்பது உம்மையே.

அவ்வும்மையும் ஐயத்துக்கு இடந்தராத கருவியன்று. முற்றும்மை எச்சப்பொருளும் உடையதாகும் என இடையியலே கூறுகிறது. ‘எல்லாரும் வரவில்லை’ என்பது ஒருவரும் வரவில்லை எனவும், சிலர் வந்தனர் எனவும் இருவகையாகப் பொருள்படும். முழுமையைச் சுட்டும் சொல் எதிர்மறையோடு சேரும்போது மிச்சம் ஒன்று தலைகாட்டுகிறது என்பதைப் பழைய இலக்கணம் கண்டுகொண்டிருக்கிறது.

4. வடசொற்களும் அவற்றின் இடத்துக்கு வந்தவையும்

அகிலம், சகலம், சர்வம், சமஸ்தம் என்னும் வடசொற்களும் தமக்குள் வேறுபட்டவையே. ‘அகில’ என்பது ‘கிலம்’ அதாவது இடைவெளி இல்லாதது. உரியியல் ‘முழுது’க்குத் தந்த எஞ்சாமைப் பொருளுக்கு இது மிக அணுக்கமானது. ‘சகல’ என்பது தன் கலைகளோடு, அதாவது உறுப்புகளோடு கூடியது. ‘சமஸ்த’ என்பது ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தமிழில் இவை புழங்கியபோது இவ்வேறுபாடுகள் உணரப்படவில்லை. துறைதோறும் ஒரு சொல் நிலைத்தது. அகில இந்திய வானொலி, சர்வகட்சிக் கூட்டம், சகல வசதி என்பன அவ்வாறு நிலைத்தவை. மனித உரிமைகள் பற்றிய 1948ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் பரவலாக அறியப்பட்ட தமிழ் வடிவம் முதல் உறுப்புரையில் ‘சகலரும்’ என்று மனிதர் அனைவரையும் சுட்டுகிறது. இலங்கைத் தமிழில் ‘சகல’, ‘சர்வதேச’ என்பன இன்றும் இயல்பான எழுத்து வழக்கு.

தமிழ்நாட்டில் இவற்றின் இடத்தைத் தமிழ்ச் சொற்கள் பெற்றபோது, ஒலி மட்டுமன்றி அளவும் மாறிய இடங்கள் உண்டு. ‘சர்வகலாசாலை’ எல்லாக் கலைகளுக்கும் உரிய இடம். அதனை நீக்கி நிலைத்த ‘பல்கலைக்கழகம்’ பல கலைகளுக்கு உரிய இடம். ‘எல்லாம்’ இருந்த இடத்தில் ‘பல’ அமர்ந்தது. எந்தக் கல்விநிலையமும் எல்லாக் கலைகளையும் கற்பிப்பதில்லை என்பதால், தமிழ்ச்சொல் அடக்கமானது மட்டுமன்று, உண்மைக்கு நெருக்கமானதும் ஆகும்.

‘சர்வதேச’ என்பதன் நிலை வேறு. அதன் இடத்தில் பன்னாட்டு, அனைத்துலக, உலக என்னும் மூன்று சொற்கள் வழங்குகின்றன. ‘பன்னாட்டு விமான நிலையம்’ என்பதிலும் ‘பன்னாட்டு நிறுவனங்கள்’ என்பதிலும் ஒரே அடை. முன்னது நாடுகளுக்கு இடையிலான போக்குவரத்தைக் குறிப்பது. பின்னது பல நாடுகளில் தொழில் நடத்தும் நிறுவனத்தைக் குறிப்பது. ஆங்கிலப் பெயரில் நாடுகளுக்கிடையிலானது என்னும் அடையைத் தாங்கிய நிறுவனம், தமிழில் ‘உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம்’ என்று வழங்குகிறது. ‘உலகம்’, ‘அனைத்து நாடு’, ‘பல நாடு’, ‘நாடுகளுக்கிடையே’ என்னும் நான்கும் வேறு வேறு அளவுகள். அவற்றை ஒரே தட்டில் நிறுப்பது மொழிபெயர்ப்பின் அவசரம்.

அவ்வவசரத்துக்கு மேலும் ஓர் எடுத்துக்காட்டு ‘அனைத்து மகளிர் காவல் நிலையம்’. 1992இல் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டு, பின்னர் மாநிலமெங்கும் பரவிய அமைப்பு இது. அங்குப் பணியாற்றுவோர் அனைவரும் மகளிர் என்பதே பெயரின் கருத்து. தமிழ்த்தொடரோ மகளிர் அனைவர்க்கும் உரிய காவல் நிலையம் என்றே பொருள்படுகிறது. பணியாளரைச் சுட்ட வந்த அடை, பயனாளரைச் சுட்டுவதாக மாறிவிட்டது. இப்பெயர் மாற்றத்தால் தீங்கொன்றும் விளையவில்லை. மக்கள் அவ்விரண்டாம் பொருளையே ஏற்றுக்கொண்டனர். ஆனால் முழுமைச்சொல் எதன்மேல் நிற்கிறது என்று நோக்காமல் பெயர்த்தால் என்னவாகும் என்பதற்கு இது தெளிவான சான்று.

5. ‘பொது’: நான்காம் வேற்றுமையை வேண்டும் சொல்

மேற்கண்ட சொற்களோடு ‘பொது’வை ஒப்பிடும்போது ஓர் இலக்கண வேறுபாடு புலப்படுகிறது. ‘எல்லாம்’, ‘முழுது’, ‘அனைத்து’ ஆகியவை தாம் தழுவும் பொருளோடு நேரே சேர்கின்றன. ‘பொது’வோ ‘யாருக்கு’ அல்லது ‘எதற்கு’ என்னும் வினாவை எழுப்புகிறது. ஊருக்குப் பொது, இருவர்க்கும் பொது, இருதிணைக்கும் பொது என நான்கனுருபு ஏற்ற சொல் ஒன்று அதற்கு வேண்டும். விரவுப்பெயர் இருதிணைக்கும் பொதுவானது என்றும், நன்னூலின் பொதுப்பாயிரம் எல்லா நூற்கும் பொதுவானது என்றும் இலக்கணிகள் கூறும்போது அந்த நான்கனுருபு வெளிப்பட நிற்கிறது.

சங்கப் பாடல்களிலும் ‘பொது’ பகிர்வையே குறித்தது. புறநானூற்றின் எட்டாம் பாடலில் சேரமான் கடுங்கோ வாழியாதனைப் பாடும் கபிலர், நிலம் பிற வேந்தர்க்கும் பொது என்னும் பேச்சைப் பொறுக்காதவனாக அவனைக் காட்டுகிறார். நக்கீரர் பாடலிலும் (புறம். 189) பிறர்க்குப் பொதுவாகாத ஆட்சி பேசப்படுகிறது. வேந்தனின் பெருமை பொதுமையை மறுப்பதில் அமைந்தது. இங்கே ‘பொது’ என்பதன் எதிர் ‘சில’ அன்று. ‘எனக்கே உரியது’ என்பதாகும்.

அந்த நான்கனுருபு மறையும்போதுதான் சிக்கல் எழுகிறது. ‘பொதுக்கிணறு’, ‘பொதுக்குளம்’, ‘பொதுச்சாலை’ என்னும் தொகைச்சொற்களில் யாருக்குப் பொது என்பது சொல்லப்படுவதில்லை. ஊருக்குப் பொதுவான கிணறு சேரிக்குப் பொதுவாக இல்லாத நெடுங்கால நடைமுறையில், ‘ஊர்’ என்னும் சொல்லே சேரியை விலக்கி நின்றது. பொதுச்சாலைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. ‘பொது’ என்னும் சொல் எல்லாரையும் தானே தழுவியிருக்குமானால், பொதுவழியில் நடக்கும் உரிமையைத் தனியே கோரத் தேவை இருந்திராது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு, கிணறு, குளம், சாலை முதலியவற்றைப் பெயர் சொல்லி அடுக்கி, சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் என்னும் விலக்கல்களையும் பெயர் சொல்லி மறுக்கிறது. சொல்லில் மறைந்த நான்காம் வேற்றுமையைச் சட்டம் விரித்துரைத்தது என இதனைக் கூறலாம்.

6. உள்ளடக்கும் பொதுவும் எஞ்சும் பொதுவும்

‘பொது’வின் எதிர்ச்சொல் ‘சிறப்பு’ என்பதிலிருந்து இருவேறு பொருள் கிளைக்கின்றன. சிறப்பானவற்றையும் சேர்த்துத் தழுவி நிற்பது ஒன்று. இதனை ‘உள்ளடக்கும் பொது’ எனலாம். சிறப்பானவை தனியே பிரிந்து சென்றபின் மிஞ்சி நிற்பது மற்றொன்று. இதனை ‘எஞ்சும் பொது’ எனலாம்.

இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும் சான்று புறத்திணை இலக்கணத்தில் உள்ளது. தொல்காப்பியம் கூறும் ஏழு புறத்திணைகளில் பொதுவியல் இல்லை. பன்னிரு திணை வகுக்கும் புறப்பொருள் வெண்பாமாலையில் அது இடம்பெறுகிறது. வெட்சி முதல் பாடாண் வரையுள்ள திணைகளுக்குப் பொதுவானவற்றையும், அவற்றுள் கூறப்படாது விடுபட்டவற்றையும் கூறுவது பொதுவியல் என்பது அதற்கு வழங்கிவரும் விளக்கம். எல்லாத் திணைக்கும் உரியது, எத்திணைக்கும் உரியதாகாதது என்னும் இரு வேறு தொகுதிகள் ஒரே பெயரின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. வகைப்படுத்துவோனின் நோக்கில் இது வசதியானது. பெயரிட்ட பெட்டிகளுள் அடங்காதவை எல்லாம் கடைசிப் பெட்டிக்குச் செல்கின்றன. நன்னூற் சொல்லதிகாரத்தின் பொதுவியல், பெயர்க்கும் வினைக்கும் பொதுவான செய்திகளைக் கூறுவதாக அமைந்து, உள்ளடக்கும் பொதுவின் பக்கம் சாய்கிறது. இலக்கண நூல்களிலேயே ஒரே தலைப்பு இவ்வாறு வேறுபட்டு நிற்பதைக் கருதவேண்டும்.

இன்றைய வழக்கிலும் இவ்விரண்டும் உள்ளன. பொதுத்தேர்தல் எல்லார்க்கும் உரியது; உள்ளடக்கும் பொது. ‘பொதுமக்களும் காவலரும்’ என்னும் தொடரில் காவலர் பொதுமக்களுள் அடங்கார், எஞ்சும் பொது. ‘பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது’ என்னும் அறிவிப்பில் பொதுமக்கள் என்பவர் தனியுரிமை எதுவும் இல்லாதவர்.

ஆங்கிலத்தின் தாக்கத்தால் இம்மயக்கம் வந்தது என்று ஒருவர் கூறக்கூடும். ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களால் வழங்கும் பல கருத்துகள் தமிழில் ‘பொது’ என்னும் ஒரே அடையில் குவிந்துள்ளன என்பது மெய். பொதுச்செயலாளர், பொதுத்துறை, பொதுவுடைமை, பொது நுழைவுத்தேர்வு ஆகியவற்றில் உள்ள ‘பொது’ ஒன்றன்று. அரசமைப்பின் 44ஆம் உறுப்புப் பற்றிய விவாதத்தில் நாளிதழ்கள் வழங்கும் ‘பொது சிவில் சட்டம்’ என்னும் தொடரும் அத்தகையது. மூல உறுப்பிலுள்ள அடை ‘ஒரே சீரான’ என்னும் பொருளினது. பகிர்தல் வேறு, ஒரே சீராதல் வேறு. அச்சட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் எதனைப் பற்றி வாதிடுகின்றனர் என்பதை அடை ஒன்றே மாற்றிக் காட்டிவிடுகிறது. எனினும் எஞ்சும் பொது என்னும் கூறு ஆங்கிலத் தொடர்புக்கு முற்பட்டது என்பதற்குப் பொதுவியற்படலமே சான்று. மொழிபெயர்ப்பு அம்மயக்கத்தைப் பெருக்கியது, தோற்றுவிக்கவில்லை.

7. பொதுப்பிரிவு: யாருக்குப் பொது?

இவ்விருநிலை நேரடியாக மக்கள் வாழ்வைத் தொடும் இடம் ‘பொதுப்பிரிவு’ என்னும் சொல். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. பிற்படுத்தப்பட்டோர்க்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர்க்கு 20, பட்டியல் சாதியினர்க்கு 18, பட்டியல் பழங்குடியினர்க்கு 1 என்பது அதன் பகுப்பு. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப்போட்டிக்கு உரியது. ‘எஞ்சிய’ என்னும் சொல்லை இங்கே இயல்பாகவே பயன்படுத்த நேர்கிறது. கணக்கில் அது எஞ்சியதுதான். உரிமையிலோ அது எல்லார்க்கும் திறந்தது. ஒதுக்கீட்டுக்கு உரிய வகுப்பைச் சேர்ந்தவரும் தம் மதிப்பெண்ணால் அவ்விடத்தைப் பெறலாம். அவ்வாறு பெற்றால் அது அவர்தம் வகுப்பின் ஒதுக்கீட்டில் கழிக்கப்படாது. 1992இல் மண்டல் வழக்குத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில், திறந்த பிரிவு என்பது ஒதுக்கீடு பெறாதவர்க்கான மற்றோர் ஒதுக்கீடு அன்று என்னும் கருத்து மீண்டும் வலியுறுத்தப்பட்டது.

இட எண்ணிக்கையைக் குறித்த இச்சொல் மக்களைக் குறிக்கும் சொல்லாக மாறும்போது பொருள் திரிகிறது. ‘பொதுப்பிரிவினர்’ என்றால் ஒதுக்கீடு எதுவும் பெறாத வகுப்பினர் என்றே வழக்கு. 2019இல் நிறைவேறிய 103ஆம் அரசமைப்புத் திருத்தம் பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கு 10 விழுக்காடு வரை ஒதுக்கீட்டுக்கு வழிசெய்தது. முன்னரே ஒதுக்கீடு பெறும் வகுப்பினர் அதில் சேர்க்கப்படவில்லை. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் அதனை ஏற்றது. அதனைப் பற்றிப் பேசும்போது ‘பொதுப்பிரிவு ஏழைகள்’ என்னும் தொடர் பரவலாக வழங்கியது. இங்கே ‘பொது’ என்பது பெரும்பாலான மக்களை விலக்கிய பின் மிஞ்சுவோரைக் குறிக்கிறது.

விளைவு யாது? ‘பொதுப்பிரிவு இடம்’ என்பதில் உள்ளடக்கும் பொது. ‘பொதுப்பிரிவினர்’ என்பதில் எஞ்சும் பொது. இரண்டும் ஒரே வேர்ச்சொல்லாக இருப்பதால், பொதுப்பிரிவு இடங்கள் பொதுப்பிரிவினர்க்கு உரியவை என்னும் தவறான முடிவு, வாதம் எதுவும் இன்றிச் சொல்லொற்றுமையால் மட்டுமே உண்மைபோல் தோன்றுகிறது. ஒதுக்கீட்டு வகுப்பு மாணவர் ஒருவர் பொதுப்போட்டியில் இடம்பெற்றால், பிறர் இடத்தை எடுத்துக்கொண்டதாகப் பேசப்படுவதற்கு இச்சொல்லும் துணைபோகிறது. அவர் எடுத்துக்கொண்டது எல்லார்க்கும் பொதுவானதில் தம் பங்கை.

சொல் ஒன்றைத் திருத்துவதால் சமூக மனப்பான்மை மாறிவிடும் என இக்கட்டுரை கருதவில்லை. எனினும் இருபொருள் மயக்கத்தைத் தவிர்க்கும் சொற்கள் நம்மிடம் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்தாமைக்குக் காரணமில்லை. இடத்தைக் குறிக்கப் ‘பொதுப்போட்டி’ என்னும் சொல் வழக்கில் உள்ளது. மக்களைக் குறிக்க ‘ஒதுக்கீடு பெறாத வகுப்பினர்’ என்று நேராகவே எழுதலாம். முன்னதில் ‘பொது’ நிற்கட்டும். பின்னதில் அது வேண்டா.

8. ஆய்வுரைநடையில் ‘பொதுவாக’

சட்டத்தையும் செய்தித்தாளையும் குறைகூறும் நாம் நம் எழுத்தையும் நோக்கவேண்டும். ‘சங்க அகப்பாடல்களில் பொதுவாகத் தலைமக்களின் பெயர் சுட்டப்படுவதில்லை’ என்னும் தொடரைக் கருதுவோம். அகத்திணையில் ஒருவர் பெயர் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அவ்விதியைப் ‘பொதுவாக’ என்னும் சொல் ஒரு போக்காகத் தளர்த்திவிடுகிறது. ‘புறப்பாடல்களில் பொதுவாகப் பாடப்பட்டோர் பெயர் காணப்படுகிறது’ என்னும் தொடரில் அதே சொல் ஒரு போக்கை விதிபோல் உயர்த்திவிடுகிறது. விதியையும் போக்கையும் ஒரே சொல்லால் குறித்தால், எதிர்ச்சான்று ஒன்று கிடைக்கும்போது அது விதியை மறுக்கிறதா, போக்குக்கு விலக்காகிறதா என்று முடிவுசெய்ய இயலாமற் போகும். ஆய்வில் மறுக்கப்பட இயலாத கூற்றுக்கு மதிப்பில்லை. ‘பொதுவாக’ என்பது பல இடங்களில் நம் கூற்றை மறுப்பிலிருந்து காத்துக்கொள்ளும் கவசமாகவே பயன்படுகிறது. இக்கட்டுரையாளரின் வரைவில் சுழிக்கப்பட்ட இடங்களும் பெரும்பாலும் அத்தகையனவே.

‘முழுவதும்’, ‘அனைத்து’ ஆகிய சொற்கள் எதிர்த்திசையில் தவறு செய்கின்றன. ஒரு தொகைநூலின் சில பாடல்களைப் பார்த்துவிட்டு ‘நூல் முழுவதும்’ என்று எழுதினால், உரியியல் கூறும் எஞ்சாமைக்கு நாம் பொறுப்பேற்கிறோம். எண்ணிப் பார்த்த இடத்தில் எண்ணையும், பெரும்பான்மையாயின் ‘பெரும்பாலும்’ என்பதையும், விதியாயின் ‘விதி’ என்பதையும், எட்டியவரையான கருத்தாயின் ‘பார்த்தவரை’ என்பதையும் எழுதுவது ஆய்வாளர்க்குக் கடினமன்று.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• முழுமை உணர்த்தும் தமிழ்ச் சொற்கள் ஒரே பொருளின அல்ல. அவை மறுக்கும் எதிர்ச்சொற்கள் வேறுபடுவதால் அவற்றின் பொருளெல்லையும் வேறுபடுகிறது.

• முழுது, எல்லாம், அனைத்து, யாவும் ஆகியவை எஞ்சாமையை வெவ்வேறு வகையில் சுட்டுகின்றன. அவற்றுள் பலவற்றின் முழுமைப் பொருளைத் தொடரில் நிலைநிறுத்துவது முற்றும்மையாகும்.

• ‘பொது’ என்பது நான்காம் வேற்றுமையை வேண்டும் உறவுச்சொல். தொகைச்சொல்லில் அவ்வுருபு மறையும்போது யாருக்குப் பொது என்பது மறைக்கப்படுகிறது.

• உள்ளடக்கும் பொது, எஞ்சும் பொது என்னும் இருநிலை புறப்பொருள் இலக்கணத்திலேயே இடம்பெற்றுள்ளது. இட ஒதுக்கீட்டுச் சொல்லாட்சியில் இவ்விருநிலையே உரிமை பற்றிய தவறான புரிதலுக்கு இடமளிக்கிறது.

• கலைச்சொல்லாக்கத்திலும் அகராதிப் பதிவிலும் இச்சொற்களுக்கு எதிர்ச்சொல்லையும் வழக்கெல்லையையும் சேர்த்துத் தருதல் வேண்டும்.

இக்கட்டுரை எழுத்துவழக்கையும் சில நிறுவனச் சொற்களையும் மட்டுமே கருத்தில் கொண்டது. வட்டார வழக்குகளில் ‘பொது’ வழங்கும் முறை, குறிப்பாக ஊர்ப்பொது, சாதிப்பொது, கோயிற்பொது முதலிய சொற்களில் யார் உட்படுகின்றனர், யார் எஞ்சுகின்றனர் என்பது களஆய்வுக்கு உரிய தனிப்பொருள். அவ்வாய்வை மேற்கொள்வோர், ‘பொது’ என்று ஒருவர் சொன்னவுடன் ‘யாருக்கு?’ என்று கேட்டுத் தொடங்குவாராயின் வழி தெளிவாகும்.